எலக்ட்ரிக் பிரஷ்: ஈரம், அழுத்தம், பேட்டரி

எலக்ட்ரிக் பிரஷ் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எந்த வீட்டில் இருக்கப் போகிறது என்பதைத்தான். போடி டவுனில் வெயில் விழும் வீடா, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத் தொழிலாளர் லயமா? போடி மழை மறைவில் இருக்கும் ஊர். தென்மேற்குப் பருவத்தில் மேலே கொட்டுகிற மழையில் கொஞ்சம் சாரல்தான் இங்கே இறங்கும். நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கும் தோட்டங்களில் ஜூன் பிறந்தால் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது. அந்த ஈரத்தில்தான் ஏலம் செழிக்கிறது. மோட்டாரும் பேட்டரியும் சர்க்யூட்டும் அடைத்த கருவி அதே ஈரத்தில் சீக்கிரம் செத்துப்போகிறது.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் அசைவு என்ற கணக்கு. அதைப் பார்த்து வாங்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கிறதா, ஈறை அழுத்தினால் எச்சரிக்கிறதா, பேட்டரி தீர்ந்தபின் மாற்ற முடியுமா: இந்த மூன்றையும் பார்த்து வாங்குங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் காரணம் தானே விளங்கும்.

யாருக்கு இது தேவை

சாதாரண பிரஷை ஒழுங்காகப் பிடித்து இரண்டு நிமிடம் துலக்குகிறவருக்கு எலக்ட்ரிக் பிரஷ் கட்டாயம் இல்லை. இருபது முப்பது ரூபாய் பிரஷும் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டும் போதும். ஆனால் பெரும்பாலோர் இரண்டு நிமிடம் துலக்குவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, சாதாரண பிரஷையும் மின் பிரஷையும் ஒப்பிட்ட 56 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் பல்படலம் 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்தன. வித்தியாசம் உண்டு, ஆனால் விளம்பரம் காட்டுகிற அளவுக்கு இல்லை.

நிஜமாகவே பலன் பெறுகிறவர்கள் வேறு. வாதத்தால் கை விழுந்தவர்கள், முடக்குவாதத்தில் விரல் மடக்க முடியாதவர்கள், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகள், படுக்கையில் இருக்கும் பெரியவருக்குப் பல் துலக்கிவிடும் வீட்டார். இந்தக் கருவி பிறந்ததே இவர்களுக்காகத்தான். 1954-ல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப்-கி வூக் உருவாக்கிய ப்ராக்ஸோடென்ட், கையசைவு குறைந்தவர்களையும் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சுவர் பிளக்கிலிருந்து வரும் வயரோடுதான் அது வாய்க்குள் போனது. 1960-ல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வயர் இல்லாத, சார்ஜ் ஏறும் பிரஷைக் கொண்டுவந்தது.

ஏலக்காய் கொட்டடிகளில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களில் வயதானவர்களுக்கு விரல் கணுக்கள் வீங்கியிருப்பதைப் பார்க்கலாம். வீட்டில் ஒரே ஒரு எலக்ட்ரிக் பிரஷ்தான் வாங்க முடியும் என்றால், அது அந்தக் கைக்குப் போகட்டும். படிக்கிற பையனுக்கு அவன் கை இருக்கிறது. கைப்பிடி ஒன்றாக இருந்தாலும் தலை ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உள்ளே மூன்று விதம்

முதல் விதம் மலிவானது. இரண்டு சிறிய பேட்டரி, பொம்மைக் காரில் இருப்பது போன்ற ஒரு குட்டி மோட்டார். மோட்டாரின் அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான இரும்புத்துண்டு மாட்டியிருக்கும். அது சுற்றும்போது எடை ஒரு பக்கமாக இழுப்பதால் பிரஷ் முழுவதும் அதிர்கிறது. பல்லில் விழும் அசைவைவிடக் கையில் விழும் அதிர்வு அதிகம். இதைச் சாதாரண பிரஷ் மாதிரியே நீங்கள்தான் தேய்க்க வேண்டும். ஆனாலும் தள்ளிவிடக் கூடிய சாதனம் அல்ல. பேட்டரி கடையில் கிடைக்கும், மூடியைத் திறந்து மாற்றலாம். இந்த ஒரு குணத்துக்காகவே பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இரண்டாவது, வட்டத்தலை. மோட்டார் ஒரே திசையில் சுற்றுகிறது. பல்சக்கரத்தில் நடுவை விட்டு விலகி ஒரு முளை இருக்கும். அதில் கோர்த்த தண்டு, சுற்றுவதை இடவலமாக மாற்றுகிறது. தலை முழுச்சுற்று சுற்றாமல் ஒரு கோணத்துக்குள் போய்த் திரும்புகிறது. சில உயர்ந்த மாடல்களில் பல்சக்கரத்தை எடுத்துவிட்டுக் காந்தத்தாலேயே தண்டை ஆட்டுகிறார்கள். வட்டத்தலையைப் பல் ஒவ்வொன்றிலும் நிறுத்தி நகர்த்தினால் போதும். தேய்க்கக் கூடாது.

மூன்றாவது சோனிக். இதில் சுற்றுகிற மோட்டாரே கிடையாது. கம்பிச்சுருள் சுற்றிய மின்காந்தம் ஒன்று அசையாமல் இருக்கிறது. அதற்கு எதிரே ஸ்பிரிங்கில் பொருத்திய தண்டின் அடியில் நிலைக்காந்தம். சுருளில் மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றி அனுப்பும்போது காந்தம் ஈர்க்கப்பட்டும் தள்ளப்பட்டும் தண்டு ஆடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டேவிட் எங்கெல், ராய் மார்ட்டின் ஆகியோரும் பொறியாளர் டேவிட் ஜூலியானியும் சேர்ந்து உருவாக்கிய சோனிகேர் 1992-ல் வந்தது. 2000-ல் அந்த நிறுவனத்தை ஃபிலிப்ஸ் வாங்கிக்கொண்டது.

நிமிடத்துக்கு 31,000 அசைவு என்று போட்டிருப்பார்கள். போவது ஒன்று, வருவது ஒன்று என எண்ணிய கணக்கு அது. இரண்டால் வகுத்து அறுபதால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 260 ஆட்டம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை சுருதியும் ஏறக்குறைய அதே அளவுதான். சோனிக் பிரஷின் ரீங்காரம் காதுக்கு ஒரு ஸ்வரமாகக் கேட்பது இதனால். பல் மருத்துவர் காரை எடுக்கும் கருவி விநாடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிறது, அது காதுக்கே கேட்காத எல்லை. இரண்டும் ஒன்றல்ல. எந்த எலக்ட்ரிக் பிரஷும் கெட்டிப்பட்ட காரையைப் பெயர்க்காது. வெற்றிலை பாக்கு போடுகிறவர்களின் பல்லில் ஏறிய சிவப்புக் கறையிலும் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தால், சின்னத் தலை பிரஷ் தேடி அலையாமல் உடனே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடக் கூடாத நோயின் அறிகுறி அது.

சோனிக் பிரஷில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஊஞ்சலை அது திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் கொஞ்ச பலத்திலேயே உயரப் போகும் அல்லவா, அதுபோல் தண்டும் ஸ்பிரிங்கும் பிரஷ் தலையும் சேர்ந்து இயல்பாக எந்த வேகத்தில் ஆடுமோ, ஏறக்குறைய அந்த வேகத்திலேயே மின்சாரம் தட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் சின்ன பேட்டரி இவ்வளவு வேலை செய்கிறது. தலையின் எடை மாறினால் இந்தத் தாளம் கலைந்துவிடும். விலை குறைவு என்று வாங்கிப் போட்ட தலையில் ஆட்டம் மந்தமாகி, கடகடவென்று சத்தம் மட்டும் கூடினால் காரணம் இதுவாக இருக்கலாம். பிரஷ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் ஒரிஜினல் தலையைப் போட்டுப் பாருங்கள்.

சார்ஜ் ஏறுவது எப்படி

சார்ஜர் மேடையில் ஒரு கம்பிச்சுருள், பிரஷின் அடியில் ஒரு கம்பிச்சுருள். நடுவில் பிளாஸ்டிக். மேடைச் சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அது மேலே உள்ள சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதிதான். உலோகம் வெளியே தெரியாததால் ஈரக்கையோடு தொட்டாலும் ஆபத்தில்லை, தண்ணீர் போக ஓட்டையும் இல்லை. ஆனால் கடத்தும் திறன் குறைவு. முழுதாக ஏற அரை நாளும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் பிரஷ் விஷயத்தில் கவனம் தேவை. சில சார்ஜர்கள் 110 முதல் 130 வோல்ட் வரைக்குமானவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று இருந்தால் செருகலாம். இல்லையென்றால் செருக வேண்டாம். மலை லயங்களில் வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதும் ஐப்பசி கார்த்திகையில் இடி விழுவதும் வழக்கம் என்பதால், சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவைக்காமல் ஏறியதும் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே கெடுகிறது

அசைகிற தண்டு கைப்பிடியிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உமிழ்நீரும் பேஸ்ட்டும் கலந்த கூழ் தலையின் உட்புறமாக வழிந்து அந்த வளையத்தின்மேல் தேங்கும். டவுனில் அது காய்ந்து வெள்ளைப் பொருக்காகிறது. போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். மேலே மழைக்காலத்தில் காயவே காயாது. கறுத்துப் பூசணம் பிடிக்கும். நாளாக நாளாக வளையம் தேய்ந்து, நீர் தண்டு வழியே உள்ளே இறங்கும். பிரித்துப் பார்த்தால் முதலில் அரித்திருப்பது அநேகமாகச் சர்க்யூட் போர்டின் மேல்முனையாக இருக்கும்.

இதற்கு மருந்து எளிது. துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றுங்கள். தலையின் உள்குழியையும் தண்டின் அடியையும் தண்ணீரில் அலசி, துணியால் தண்டைத் துடைத்து, இரண்டையும் தனித்தனியே நிமிர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் மூடி போட்டு மூடாதீர்கள். அதற்குள் ஈரம் அடைந்துவிடும். குளியலறையில் வைக்காமல் அடுப்பங்கரைப் பக்கம் வைத்தால் மலைவீட்டில் அதுவே உலர்ந்த இடம். அடுப்பின் நேர்ச்சூடு மட்டும் படக் கூடாது.

அடுத்தது பொத்தானின் மேலிருக்கும் மெல்லிய ரப்பர். நகம் பட்டுப்பட்டுக் கீறல் விட்டால் அதுவே நீர் இறங்கும் இரண்டாவது வழி. ஐபிஎக்ஸ் 7 என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் அது புதிய கருவிக்கான சோதனை. ரப்பர் கிழிந்தபின் அந்த எண்ணுக்கு மதிப்பு இல்லை.

பேட்டரி போடும் மாடல்களை ஊருக்குப் போகும்போது அப்படியே விட்டுப் போகாதீர்கள். செல் கசிந்து உள்ளே பச்சை பிடிக்கும். ஜீப்பில் பையோடு கட்டி ஏற்றும்போது குலுங்கலில் பொத்தான் அமுங்கி, மேட்டில் இறங்குவதற்குள் சார்ஜ் தீர்ந்துபோவதும் உண்டு. தலையைக் கழற்றிவிட்டு, பொத்தான் உள்ள பக்கத்தில் தீப்பெட்டி அட்டை வைத்துத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

பல்பொடி, உப்பு, கரித்தூள் போட்டு எலக்ட்ரிக் பிரஷில் துலக்கவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரலால் தேய்க்கும்போது சொரசொரப்பான பொடி செய்யும் சேதம் மெதுவானது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆட்டத்தில் அதே பொடி ஈறு இறங்கிய இடத்தில் இருக்கும் மெல்லிய வேர்ப்பரப்பை அறுத்துவிடும். பேஸ்ட்டின் சொரசொரப்புக்கு உலகத் தர அமைப்பு உச்சவரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் இடித்த பொடிக்கு அப்படி எந்த அளவும் கிடையாது.

கையை எடை போட்டுப் பழகுவது

எலக்ட்ரிக் பிரஷில் பலர் ஈறைப் புண்ணாக்கிக்கொள்வது அழுத்துவதால். 150 முதல் 200 கிராம் எடைக்கு இணையான அழுத்தம் போதும். அது எவ்வளவு என்று கைக்குத் தெரிவதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் போடி. ஏலக்காய் வியாபாரம் உள்ள வீட்டில் சாம்பிள் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருக்கும். அதன் தட்டில் ஒரு தாளை விரித்து, ஓடாத பிரஷின் தூரிகையை வைத்து, 150 காட்டும் வரை அழுத்துங்கள். தூரிகை இழைகள் வளையாமல் லேசாகத் தொட்டு நிற்கும் அளவுதான் அது. பெரும்பாலோர் முதல் தடவை அதைவிட அதிகமாகத்தான் அழுத்துவார்கள். ஒரு வாரம் காலையில் இப்படிச் செய்துவிட்டுத் துலக்கப் போனால் கை பழகிவிடும். இழைகள் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால், மூன்று மாதம் ஆகாவிட்டாலும் தலையை மாற்ற வேண்டும். அவ்வளவு சீக்கிரம் விரிவதே நீங்கள் அழுத்துகிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

எதை மாற்றி அமைக்கலாம்

இந்தக் கருவியில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிடுவது. மோட்டாரும் காந்தமும் நன்றாக இருக்கும்போதே, சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்ததால் முழுக் கருவியும் குப்பைக்குப் போகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண அளவு செல்தான், 1.2 வோல்ட் நிக்கல் வகையோ 3.7 வோல்ட் லித்தியம் வகையோ. பற்றவைத்திருப்பதால் மட்டுமே மாற்ற முடியவில்லை. தண்ணீர் புகாமல் இருக்க அப்படிச் செய்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நீரில் புழங்கும், கழுவத்தக்க கருவிகளுக்குத் தொழில்முறை ஆள் கழற்றினால் போதும் என்று விலக்கும் கொடுத்திருக்கிறது.

எனக்கு அந்த விலக்கு சரியாகப் படவில்லை. கடலுக்கடியில் முங்குகிறவர்கள் எடுத்துப்போகும் டார்ச்சில் மரைமூடியும் ரப்பர் வளையமும் இருக்கின்றன, பேட்டரியும் மாற்ற முடிகிறது. பிரஷின் அடிப்பகுதிக்கும் அதே முறை போதும். மலிவு வகை பிரஷ் மூடியைத் திறந்து பேட்டரி மாற்ற விடுகிறது என்று சொன்னேனே, அந்த வசதியை நல்ல சோனிக் பிரஷுக்கும் கொடுங்கள் என்பதுதான் கேட்பது. கூடவே வளையம் ஒன்று பெட்டியில் உபரியாக வைத்துக் கொடுக்கலாம். அது சில ரூபாய் சாமான்.

தண்டு வெளிவரும் இடம் இப்போது தட்டையாக அல்லது குழிந்து இருக்கிறது. கூழ் தேங்குவது அதனால். மலை வீட்டுக் கூரை மாதிரி அந்தத் தோள் சரிந்து இருந்தால், வழிந்தது தானே ஓடிவிடும். கூடுதல் செலவு ஒன்றும் இல்லாத மாற்றம். அச்சு வார்க்கும்போதே யோசித்தால் போதும். பொத்தானுக்குப் பதில், உறைக்கு வெளியே நகரும் சிறு காந்தமும் உறைக்கு உள்ளே அதை உணரும் சில்லும் வைத்தால் ஓட்டையும் வேண்டாம், மெல்லிய ரப்பரும் வேண்டாம். நகர்த்திப் பூட்டிவிட்டால் ஜீப் குலுக்கலிலும் ஓடாது. வீங்கிய விரலுக்கும் அழுத்துவதைவிட நகர்த்துவது சுலபம்.

அழுத்தம் கூடினால் சிவப்பு விளக்கு எரியும் மாடல்கள் உண்டு. விளக்கு கைப்பிடியில் இருந்தால் துலக்குகிறவரின் கண்ணுக்குப் படாது. கண்ணாடி இல்லாத வீட்டில், முற்றத்தில் நின்று துலக்குகிறவருக்கு அதனால் என்ன பயன்? அழுத்தினால் ஓட்டமே தளர்ந்து சத்தம் மாற வேண்டும். அப்படிச் செய்யும் மாடல்களும் இருக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

சார்ஜர் மேடை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. தொலைந்தால் போடியில் கிடைக்காது. செல்போன்களுக்கு வயரில்லா சார்ஜிங்கில் பொதுவான முறை வந்து பல ஆண்டுகளாகிவிட்டது. பிரஷும் அதிலேயே ஏறினால் மேடையே தேவைப்படாது. கைப்பிடியில் டைப்-சி ஓட்டை வைத்து ரப்பர் அடைப்பான் போடுவது இப்போது மலிவு மாடல்களில் பரவி வருகிறது. போன் வயரே போதும் என்பது நிச்சயமாக வசதி. மின்வெட்டில் பவர் பேங்கிலும் ஏற்றலாம். ஆனால் அந்த அடைப்பான் தளர்ந்தால் அது நீர் போகும் வாசல். டவுனில் வாங்கலாம், மலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டைப்-சி ஓட்டை மேடையில் இருந்து, பிரஷ் ஓட்டையில்லாமல் இருப்பதே மலைக்கு ஏற்றது.

எல்லாவற்றையும்விடக் கையைக் கடிப்பது தலையின் விலை. கைப்பிடியை ஒரு தடவை வாங்குகிறோம், தலையை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு கம்பெனியின் தலை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பல்புக்கு ஹோல்டர் அளவு பொதுவாக இருப்பதுபோல் தண்டுக்கும் ஒரு பொது அளவு வர வேண்டும். அது வரும் வரை, தலை தொடர்ந்து கிடைக்குமா என்று பார்த்துவிட்டே கைப்பிடியை வாங்குங்கள். ஓராண்டுக்கு வேண்டிய நாலு தலையின் விலையைக் கைப்பிடி விலையோடு கூட்டிப் பாருங்கள். பல நேரம் மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது.

செத்த பிரஷை என்ன செய்வது

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்பிலோ வெந்நீர் அடுப்பிலோ எறிந்துவிடாதீர்கள். லித்தியம் செல் நெருப்பில் வெடிக்கும், நிக்கல் செல்லும் சிதறும். புதைக்கவும் வேண்டாம், மலையில் புதைத்தது ஓடைக்கு இறங்கும், ஓடை நீரைத்தான் கீழே குடிக்கிறார்கள். இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. ஆகவே பெட்டியில் உள்ள வாடிக்கையாளர் எண்ணில் கேட்டு, எங்கே கொடுப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கும் நாள் வரை, பேட்டரி தனியாக வெளியே வந்துவிட்டிருந்தால் அதன் இரு முனையிலும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள்.